மூன்று புள்ளி வைத்த அச்சு

அந்த வீட்டில் அவளுக்கு 'வாய்' என்று பெயர். "வாய் எழுந்தாச்சா?" "வாய் இன்னும் வேலைக்குக் கிளம்பலையா?" மாமியார் தொடங்கிவைத்தாள், கொழுந்தன் மனைவி பிடித்துக்கொண்டாள், பிறகு தண்ணீர் பிடிக்க வரும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் அது பழகிவிட்டது. சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. சிரித்திருந்தால் கேலி என்று எடுத்துக்கொண்டு அவளும் திருப்பிக் கொடுத்திருப்பாள். அவர்கள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

பெயர் வந்த கதை சின்னது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அவளுக்கும் அவள் கணவனுக்கும் சண்டை. அவன் லேத் பட்டறையில் கடைசல் வேலை செய்கிறவன். தனியாக ஒரு அறை பார்த்துப் போய்விடலாம் என்று அவள் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "சாயங்காலம் பேசிக்கலாம்" என்று அவன் சைக்கிளை எடுத்தான். எந்தச் சாயங்காலமும் பேசாதவன். எரிச்சலில் அவள் வாசலில் நின்று, "போய்த் தொலைங்க" என்றாள். தினமும் ஆயிரம் வீடுகளில் சொல்லப்படுகிற சொல். சொல்லப்பட்ட கணவன்மார்கள் பொழுது சாய்ந்ததும் பசிக்கிறது என்று வந்து உட்காருவார்கள். இவன் வரவில்லை. மேம்பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தவன் திடீரென்று கைப்பிடிச் சுவரில் போய் மோதி, அங்கிருந்து தெறித்து, பின்னால் வந்த பஸ்ஸின் சக்கரத்தடியில் விழுந்தான். "தானாப் போய் சுவத்துல இடிச்சான் சார்" என்று டிரைவர் சொன்னான். அவன் சொன்னது பொய்யில்லை என்று பார்த்தவர்களும் சொன்னார்கள்.

நல்ல உடம்போடு போனவன் எதற்குத் தானாகப் போய்ச் சுவரில் இடிக்க வேண்டும்? பிணம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே மாமியார் பதில் வைத்திருந்தாள். "வாய் வெச்சுட்டா. தொலைன்னா, தொலைஞ்சான்."

சைக்கிளைப் போலீஸ் திருப்பிக் கொடுத்தபோது பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று கொழுந்தன் சொன்னான். ஒருமுறை அல்ல, பலமுறை சொன்னான். மாமியார் விடவில்லை. பின்கட்டில் மருமகளும் பேத்தியும் படுக்கிற இடத்துக்கு எதிரில் அதைச் சுவரில் சாய்த்துவைக்கச் சொன்னாள். "இருக்கட்டும். பார்த்துக்கிட்டே படுக்கட்டும்" என்றாள். முன்சக்கரம் கோணியிருந்தது. இரண்டு பெடல்களும் ஒரே பக்கமாகத் தொங்கின. பஸ் ஏறியதில் வந்த கோணல் என்று நினைத்து அவள் இரண்டு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே படுத்தாள்.

ஏச்சுக்கும் பேச்சுக்கும் அவள் பழகிவிட்டாள். மகள் விஷயத்தில்தான் அவளால் தாங்க முடியவில்லை. பாப்பாவுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஒருநாள் பாடப் புத்தகத்தின்மேல் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டது. "ஏண்டி எருமை" என்று அவள் வாயெடுத்ததுதான் தாமதம், குழந்தை இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூலையில் போய் ஒடுங்கியது. "திட்டாதம்மா, திட்டாதம்மா. நானும் செத்துடுவேன்." உள்ளே மாமியார் பல்குச்சியை மென்றுகொண்டு, "புள்ளைக்குத் தெரியுது" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் மகளைத் திட்டியதே இல்லை. கோபம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். குழந்தை மழையில் ஓடினாலும், பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னாலும், ஒரு சொல் இல்லை. வெளியார் பார்த்தால் பொறுமைசாலி என்று நினைக்கலாம். பெற்ற பிள்ளை தன் வாயைப் பார்த்து நடுங்குவதைப் பார்த்தவளுக்குப் பொறுமை என்ன, பேச்சே வராது. உண்மையில் அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். சலவை ஆலையில், ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது, எதிரில் நிற்பவளிடம்கூட அவள் எண்ணி எண்ணித்தான் பேசினாள்.

அந்த ஆலைதான் அவளைச் சைக்கிளிடம் கொண்டுபோய் விட்டது. ஆலையை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். விடியற்காலையில் அங்கே போக பஸ் கிடையாது. வேலையை விட்டால் அந்த வீட்டின் சம்பளமில்லாத வேலைக்காரியாகத்தான் இருக்க வேண்டும். சைக்கிளைச் சரிசெய்து ஓட்டப் போகிறேன் என்று அவள் சொன்னபோது கொழுந்தன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அது ஆவாது அண்ணி. பிரேமே போச்சு. விட்டுடுங்க."

"போகட்டும் விடுடா" என்றாள் மாமியார். "அவன் போன வழியிலேயே இவளும் போகட்டும். யாரு அழப் போறா?"

கொழுந்தன் கேஸ் சிலிண்டர் சுமக்கிறவன். அவன் சைக்கிளில் பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று தொங்கும். அன்று வழக்கத்துக்கு மாறாக ஒரு சிலிண்டரைத் திருப்பிக் கட்டி, மறுபடி அவிழ்த்து, மறுபடி கட்டினான்.

மேம்பாலத்துக்கு அடியில் தார்ப்பாய் கட்டிய ரிப்பேர் கடை. கடைக்காரனுக்குத் தலையில் ஒரு மயிரும் இல்லாததால் எல்லோரும் சொட்டை என்றே கூப்பிடுவார்கள், அவனும் அதற்கே திரும்பிப் பார்ப்பான். முன்சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெடல் கையான கிராங்கைப் பிடித்து ஆட்டினான். கடகடவென்றது.

"பல் விழுற கிழவியாட்டம் ஆடுதுக்கா. இதை எத்தனை வருஷமா கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"பஸ் ஏறிடுச்சு. அதான் பெடல் ரெண்டும் ஒரே பக்கமாப் போயிடுச்சு."

"பஸ் ஏறினா கிராங்க் வளையும். இது வளையலையே, பாருங்க. நேராத்தான் இருக்கு. சுத்தித் திரும்பியிருக்கு." அவன் குந்தி உட்கார்ந்து இடது கிராங்கின் அடியில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தான். "காட்டர் பின் அறுந்திருக்கும். அதுதான் கிராங்கை அச்சோட பிடிச்சு நிறுத்துற ஆணி. ஒரு பக்கம் சாய்வா சீவியிருக்கும், இந்தப் பக்கம் மரை, அதுல நட்டு. அது சரியா உக்காந்துட்டா யானை மிதிச்சாலும் அசையாது."

சுத்தியலால் தட்டினான். விழவில்லை. இன்னொரு தட்டு. கீழே விழுந்ததை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தான்.

"இது காட்டரே இல்லையேக்கா."

மரத்தில் அடிக்கிற தடியான ஆணி அது. தலையை வெட்டி, ஒரு பக்கம் சுத்தியலால் நசுக்கி உள்ளே செருகியிருந்தார்கள். நட்டு இருக்க வேண்டிய இடத்தில் கம்பியைச் சுற்றி முறுக்கியிருந்தது. நடுவில் வளைந்து, பாதி தேய்ந்து கிடந்தது.

"எந்த மடப்பய போட்டான் இதை? சமதரையில மெதுவா ஓட்டினா ஏதோ ஓடும். ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிச்சான்னு வைங்க…"

"வெச்சா?"

"இடது கால் அப்படியே கீழே போயிடும். மாடிப்படியில ஒரு படி இல்லாமப் போனா எப்படி? ஆளு மொத்தமா இடது பக்கம் விழுவான். சுவர் இருந்தா சுவத்துல போய் இடிப்பான்." அவன் சொல்லிவிட்டு ஆணியைக் கிரீஸ் டப்பாவின் மூடியில் போட்டான். "மூஞ்சி பேந்துடும்."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். தலைக்குமேல் பாலத்தில் பஸ் போகிற அதிர்வு தூணில் இறங்கியது.

சொட்டை பேசிக்கொண்டே கழற்றினான். இரண்டு கிராங்கையும் உருவி, இடது பக்க வளையத்தை உளியால் தட்டித் தளர்த்தி, அச்சைத் தாங்குகிற கப்பைத் திருகி எடுத்தான். உள்ளே இருந்த இரும்புக் குண்டுகள் மணலாக நொறுங்கிக் கொட்டின. அச்சை வெளியே இழுத்து அழுக்குத் துணியில் துடைத்தான்.

"ம்ஹூம். பள்ளம் விழுந்துடுச்சு. காட்டர் உக்கார்ற இடமும் மழுங்கிடுச்சு, அதனாலதான் நல்ல காட்டர் நிக்காம ஆணி அடிச்சிருக்கான். ஏன்க்கா, இதுல மூட்டை கீட்டை ஏத்துவீங்களா? பாரம் ஏத்தின வண்டியோட அச்சு இது."

"அவர் சாப்பாட்டு டப்பாவைத் தவிர ஒண்ணும் ஏத்தினதில்ல."

அவள் கையை நீட்டி அச்சை வாங்கினாள். அதன் இரண்டு முனைகளையும் புடவைத் தலைப்பால் துடைத்தாள். எச்சில் தொட்டுத் துடைத்தாள். ஒன்றுமில்லை. வழவழவென்று ஒன்றுமே இல்லை.

பாப்பா பிறந்த வருஷம் அவன் பட்டறையில் ஒரு நல்ல எஃகுத் துண்டிலிருந்து பெடல் அச்சு ஒன்றைத் தானே கடைந்து எடுத்துவந்தான். கடையில் விற்பது வெண்ணெய் மாதிரி தேய்கிறது என்பான். வலது முனையில் உளிமுனையால் மூன்று புள்ளி குத்தியிருந்தான். என்ன இது என்று கேட்டதற்கு, "மூணு பேர் மிதிக்கிறோமில்ல" என்றான். தனிக்குடித்தனம் பற்றி வாய் திறக்காதவன் அதில் மட்டும் மூன்றோடு நிறுத்தியிருந்தான்.

"புது செட்டே போட்டுடவா? அச்சு, கப்பு, குண்டு, காட்டர்…"

"மத்ததெல்லாம் புதுசு போடுங்க. அச்சு வீட்டுல இருக்கு. கொண்டு வரேன்."

ஆணியையும் பழைய அச்சையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கொழுந்தன் பகல் சுற்று முடித்துவிட்டு உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் சைக்கிள் முற்றத்தில் நின்றது. அவள் குனிந்து வலது கிராங்கின் நடுவில் தெரிகிற அச்சு முனையின் கருப்பு மசகைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு மற்ற இரண்டும்.

அழ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கொழுந்தனின் கருவிப் பெட்டி சைக்கிளிலேயே தொங்கியது. சொட்டை செய்ததை அப்படியே செய்தாள். நட்டைத் தளர்த்தினாள், கிராங்குக்கு அடியில் அம்மிக்கல்லை முட்டுக்கொடுத்தாள், சுத்தியலை ஓங்கினாள். உருளையில் கனத்த ஈர விரிப்புகளைத் தள்ளிப் பழகிய கை. இரண்டு காட்டர்களும் வந்தன. உளியால் வளையத்தைத் தட்டும்போது வீடே எழுந்துவிட்டது.

"அடியே! என்னடி பண்ற, சோறு போடற வண்டிய!" மாமியார் அவிழ்ந்த கொண்டையோடு ஓடிவந்தாள். பின்னால் கொழுந்தன் மனைவி, இடுப்பில் குழந்தை. கொழுந்தன் கதவருகே நின்றுவிட்டான். பின்கட்டுப் படியில் பாப்பா.

அவள் அச்சை உருவி எடுத்துத் துடைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"தம்பி, இது யாரோடது?"

"கடையில வாங்கினது அண்ணி."

"கடைக்காரன் மூணு புள்ளி வெச்சுக் குடுத்தானா?" துணியைப் பிரித்து ஆணியைத் தரையில் போட்டாள். "இதுவும் கடையில வாங்கினதா?"

அவன் ஆணியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு குழந்தை மாதிரி அம்மாமேல் பாய்ந்தான். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு! நீதான் கேக்கல! இருக்கட்டும், பார்க்கட்டும்னு நிறுத்தி வெச்ச!"

"வாயை மூடுடா."

"என்ன மூடறது? ஒரே ஒரு நாளைக்குன்னுதான் அண்ணி எடுத்தேன். என் அச்சு போயிடுச்சு, காலையில லோடு இருந்துச்சு. கேட்டா அண்ணன் திட்டும்னு முந்தின நாளே சொல்லாம மாத்திட்டேன். காட்டர் நிக்கல, ஆணிய அடிச்சேன். சாயங்காலம் திருப்பி மாட்டிடலாம்னுதான்… சத்தியமா சாயங்காலம்…"

அண்ணன் தம்பி இருவரும் எதையும் சாயங்காலத்துக்கு ஒத்திப்போடுகிறவர்கள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?" என்று கேட்டாள் அவள்.

மாமியார் கொண்டையை முடிந்துகொண்டாள். அவசரப்படாமல் முடிந்தாள்.

"தெரியும். அன்னைக்கே என் காலைக் கட்டிக்கிட்டு அழுதான். ஏன், தெரிஞ்சா என்ன? போனவன் போயிட்டான். இருக்கறவனையும் அண்ணனைக் கொன்னவன்னு ஊரு பேச விடணுமா? பழின்னு வந்தா எங்கயாவது இறக்கி வெச்சுத்தானே ஆகணும். நீ வெளியிலருந்து வந்தவ. உன் தலையில வெச்சேன். நீயும்தான் முணுமுணுக்காம தூக்கிட்டுத் திரிஞ்ச. கனமா இருந்தா அப்பவே கீழ போட்டிருக்க வேண்டியதுதானே?"

கொழுந்தன் மனைவி இடுப்புக் குழந்தையை இறக்கினாள். "அப்போ… இவங்க வாய் பட்டுடும்னு என் புள்ளைய ரெண்டு வருஷமா ஒளிச்சு ஒளிச்சு வெச்சேனே. அது எதுக்கு?"



தெரியாமல் நம்புகிறவனிடம் உட்கார்ந்து பேசலாம், புரியவைக்கலாம். மாமியாருக்குத் தெரியும். ஆணியின் நீளம்கூடத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே ஒரு சொல்லின்மேல் கொலைப் பழியைப் போட்டு, அதைப் பேத்தியின் காதில் தினமும் ஊற்றினாள். விதி, ராசி, வாக்கு என்று பேசுகிறவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்று நினைக்கக் கூடாது. யாரோ ஒருவர் வீட்டில் ஆணி இருக்கும்.

அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். குழந்தை பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றது. ஆனால் ஒன்பது வயதுக்கு ஆணியும் காட்டரும் என்ன புரியும்? பாட்டி சொன்னது சின்னச் சொல், எளிதில் உள்ளே போயிருந்தது. அதன் கைகள் பாதி தூக்கியபடி காதருகில் நின்றன.

"பாப்பா, கையை எடு. நல்லாக் கேளு."

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். இரண்டு வருஷமாக எண்ணி எண்ணிப் பேசிய வாயைத் திறந்து, தெருவே கேட்கச் சொன்னாள்.

"போய்த் தொலை!"

கொழுந்தன் பின்னால் நகர்ந்து கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டான்.

"போய்த் தொலைடா! இன்னைக்கே தொலை!"

"ஐயோ, வாயை மூடுடி பாவி!" மாமியார் பாய்ந்து மகனைக் கட்டிப்பிடித்து மறைத்துக்கொண்டாள். அவளுடைய உடம்பு நிஜமாகவே நடுங்கியது. தானே செய்து வைத்த பேய்க்குத் தானே பயந்து நின்ற அந்தக் கிழவியைப் பார்த்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை அது.

"பார்த்துக்கிட்டே இரு பாப்பா" என்றாள். "சித்தப்பாவுக்கு ஏதாவது ஆவுதான்னு தினமும் பாரு. பார்த்து எனக்குச் சொல்லு."

ஆணியை எடுத்துக் கொழுந்தனின் சைக்கிள் சீட்டின்மேல் வைத்தாள். பள்ளம் விழுந்த பழைய அச்சையும் பக்கத்தில் வைத்தாள். "இது உங்களோடது."

அன்று பொழுது சாய்வதற்குள் சொட்டை முன்சக்கரத்தை நிமிர்த்தி, அச்சை மாட்டிக் கொடுத்தான். குண்டுகளைக் கிரீஸில் ஒவ்வொன்றாக ஒட்டவைத்தான். ஒரு பக்கக் காட்டரை மேலிருந்தும் மறுபக்கத்தைக் கீழிருந்தும் கொடுத்தான். இரண்டையும் ஒரே வாக்கில் கொடுத்தால் பெடல் கோணிக்கொள்ளும் என்றான். அச்சை விரலால் சுழற்றிவிட்டபோது சத்தமில்லாமல் சுற்றியது. "இத்தனை ஓடியும் தேயலையே! எவன் கடைஞ்சது?" என்று கேட்டான். அவள் சொல்லவில்லை. மறுநாள் விடியலில் அதே ஏற்றத்தில் பாதிவரை உட்கார்ந்தே மிதித்தாள். பிறகு எழுந்து நின்று, முழு எடையையும் இடது காலில் போட்டாள். அச்சு தாங்கியது. உச்சியில் நின்று வாந்தியெடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

வீட்டில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மாமியார் தண்ணீர்க் குழாயடியில் வேறொரு கதை ஆரம்பித்தாள்: மூத்த மருமகள் சின்னவனை வசியம் பண்ணி இல்லாததை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாளாம். கேட்டவர்களில் பாதிப்பேர் நம்பினார்கள். கொழுந்தன் புது அச்சு வாங்கிப் போட்டுக்கொண்டு சிலிண்டர் சுமந்தான். அண்ணி எதிரே வந்தால் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொள்வான். அவள் ஆலைக்குப் பக்கத்தில் அறை தேடிக்கொண்டிருந்தாள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு அறை என்றால் எல்லோரும் முதலில் கணவன் எப்படிச் செத்தான் என்று கேட்டார்கள். "சைக்கிள் ஆணியால" என்று சொல்லிப் பார்த்தாள். கதவைச் சாத்தினார்கள்.

பாப்பா தன் வேலையை விடாமல் செய்தது. காலையில் எழுந்ததும் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்க்கும். அம்மா வந்ததும் காதோரம் வந்து சொல்லும்.

"சித்தப்பா இருக்காரும்மா."

"சரி."

"இன்னைக்கும் இருக்காரு. ரெண்டு தட்டு சாப்பிட்டாரு."

"சரி."

"தும்மினாரு. ஆனா இருக்காரு."

ஒரு மாலை அவள் வேலையிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது, மகள் படியில் உட்கார்ந்து புதுப் பென்சிலைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. வெயிலும் நீராவியும் பட்ட அலுப்பில், யோசிக்காமல், அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஏண்டி எருமை, பென்சிலைத் தின்னுட்டு நாளைக்கு எதை வெச்சு எழுதுவ?"

குழந்தையின் கைகளைப் பார்த்தாள்.

கைகள் மடியிலேயே கிடந்தன. பாப்பா கடித்த பென்சிலை வாயிலிருந்து எடுத்து, முனையைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது.

"நீ மட்டும் என்னவாம்?" என்றது. "நீ நகத்தைக் கடிப்பியே."